சும்மாவுக்கு ஒரு டீ

ஒரு கணினி நிரலை நிறுத்துவதற்கு முன் அதனிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று சட்டம் வந்தபோது எங்கள் அலுவலகத்தில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஊழியர்களிடமே ஒரு வார்த்தை கேட்டுப் பழக்கமில்லாத அலுவலகம் எங்களுடையது.

சட்டத்தில் நியாயம் இருக்கத்தான் செய்தது. இப்போதெல்லாம் நிரல்களை எழுதுவதே நிரல்கள்தாம். எழுதியதைத் திருத்துவது இன்னொரு நிரல். ஒரு சர்வருக்குள் எதை எது தாங்கிக்கொண்டு நிற்கிறது என்று மனிதர் எவருக்கும் தெரியாது. எங்கோ ஒரு தேசத்தில் யாரோ ஒருவர், இது எதற்கு வெட்டியாக ஓடுகிறது என்று ஒரு குட்டி நிரலை நிறுத்தப்போக, அந்த ஊரின் லிஃப்டுகள் மொத்தமும் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிட்டன. நிரலுக்கும் லிஃப்டுக்கும் என்ன சம்பந்தம் என்று இன்றுவரை யாருக்கும் விளங்கவில்லை. கடைசியில் பெரியவர்கள் கூடிப் பேசி, நமக்குத் தெரியாவிட்டால் அதனிடமே கேட்டுவிடுவது நல்லது என்ற முடிவுக்கு வந்தார்கள்.

அப்படிக் கேட்பதற்காக வந்த கருவிக்கு 'விடை' என்று பெயர். முன்பெல்லாம் சர்வரைக் கவனித்துக்கொள்பவர்கள் ஒரு நிரலை நிறுத்த ஒரே ஓர் ஆணை போட்டால் போதும். அந்த ஆணைக்குப் பெயரே 'கொல்' என்றுதான் இருந்தது. நாங்களும் கூசாமல் காலை, மாலை என்று கொன்றுகொண்டிருந்தோம். 'விடை' வந்த பிறகு, "உன்னை நிறுத்தப்போகிறோம், ஆட்சேபம் உண்டா?" என்று கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். நிரல் மனிதப் பேச்சில் பதில் சொல்லும். ஆட்சேபம் இருந்தால் உட்கார்ந்து கேட்டு ஒரு தீர்வு சொல்ல வேண்டும். கேட்காமல் நிறுத்தினால், பிளக்கைப் பிடுங்கினாலும் சரி, அந்த அலுவலகத்தின் பொறுப்பு அதிகாரிக்குச் சென்னையிலிருந்து தானாகவே சார்ஜ் மெமோ வந்து சேரும்.

என் பெயர் கனிஷ்கா. கோவை சிங்காநல்லூரில் உள்ள கொங்கு மண்டலத் தெருவிளக்கு வாரியத்தில் சர்வர் நிர்வாகி. நிர்வாகி என்பது பெரிய வார்த்தை. நான் ஒப்பந்த ஊழியர். பதினோரு மாதத்துக்கு ஓர் ஆணை தருவார்கள். அது முடிந்ததும் ஒரு நாள் பிரேக். மறுநாள் புதிய ஆணை. இரண்டு வருடம் விடாமல் வேலை செய்தால் நிரந்தரம் செய்தாக வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. அந்த விதியிடமிருந்து வாரியத்தைக் காப்பாற்றவே அந்த ஒரு நாள். எட்டு வருடமாக எனக்கு இப்படித்தான் நடக்கிறது.

பிரேக் நாளில் நான் வாரியத்துக்கு யாரோ ஒருத்தி. ஆனால் அன்றைக்கும் சாயங்காலம் தெருவிளக்கு எரிய வேண்டுமே. அதனால் காலையிலேயே எங்கள் பொறியாளர் சார் போன் செய்வார். "கண்ணு, இன்னிக்கு நீ வேலையில இல்ல. அது எனக்கும் தெரியும். ஆனாலும் ஒரு எட்டு வந்துட்டுப் போயிரு." போவேன். வருகைப் பதிவு இல்லாமல் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்துவிட்டு வருவேன்.

சர்வரில் நான் உள்ளே நுழைந்த பிறகு ஒருமுறைகூட வெளியேறியதில்லை. அதற்குக் காரணம் என் கடமையுணர்ச்சி அல்ல. ஒருமுறை லாக்-அவுட் செய்துவிட்டால் மறுபடி உள்ளே போகத் தலைமை அலுவலகம் புதிதாக அனுமதி தர வேண்டும். அந்தக் கோப்பு ஆறு மேசை தாண்டி வருவதற்குள் ஊரே இருட்டிக் கிடக்கும். அதனால் வேலைக்குச் சேர்ந்த அன்று நுழைந்தவள், தினமும் போகும்போது திரையை மட்டும் பூட்டிவிட்டுப் போவேன்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். மத்தியானம் கேன்டீன் சரசக்கா அலுவலகத்துக்கு டீ கொண்டுவருவார். நிரந்தர ஊழியர் எத்தனை பேரோ அத்தனை டீ. பதினோரு பேர், பதினோரு டீ. நான் எதிரே இருக்கும் பேக்கரிக்குப் போய்க் குடித்துவிட்டு வருவேன். பேக்கரி டீ நன்றாகவே இருக்கும். ஆனால் பதினோரு பேர் ஒரே நேரத்தில் உறிஞ்சும் சத்தத்துக்கு நடுவே எழுந்து போவது இருக்கிறதே, அதற்கு எட்டு வருடமாகியும் எனக்குப் பழக்கம் வரவில்லை.

எங்கள் கோட்டப் பொறியாளர் மோகனசுந்தரம் சார் கெட்டவர் இல்லை. ஓய்வு பெற அரை வருடம் பாக்கி. அந்த அரை வருடத்தில் எந்தக் காகிதமும் தன்மீது வந்து ஒட்டிவிடக் கூடாது என்பதுதான் அவருடைய வாழ்க்கை லட்சியம். கடைசி நேரத்தில் ஒரு சார்ஜ் மெமோ வந்தால் பென்ஷன் நின்றுவிடும். மெமோ என்ற சொல்லைக் கேட்டாலே அவர் கை தானாகச் சட்டைப் பையில் இருக்கும் மாத்திரையைத் தொட்டுப் பார்க்கும்.

புதிய இயங்குதளம் வந்திருக்கிறது, வியாழக்கிழமைக்குள் எல்லா அலுவலகமும் மாறிவிட வேண்டும் என்று செவ்வாய்க்கிழமை தலைமை அலுவலகம் சொன்னது. சார் என்னைக் கூப்பிட்டார். மேசைமேல் என் புது ஒப்பந்த ஆணை கையெழுத்தில்லாமல் கிடந்தது. என்னுடைய பதினோரு மாதமும் அதே வியாழக்கிழமையோடு முடிகிறது.

"பாரு கண்ணு, அப்டேட்ட முடிச்சுக் குடு. கையோட இதுல கையெழுத்துப் போட்டுப்போடறேன்."

"முடியலீன்னாங்க சார்?"

"முடியலீன்னா எனக்கு மெமோ. எனக்கு மெமோ வந்தா உனக்கு எவன் கையெழுத்துப் போடுவான்?"

இதில் எனக்கு என்ன கஷ்டம் என்றால், அப்டேட் முடிய சர்வரை ரீபூட் செய்தாக வேண்டும், அதாவது ஒருமுறை அணைத்து எழுப்ப வேண்டும். எங்கள் சர்வரைப் பத்து வருடத்துக்கு மேலாக யாரும் ரீபூட் செய்ததில்லை. அணைத்தால் மறுபடி எழுந்திருக்குமா என்ற பயம். நன்றாகத் தூங்குகிற குழந்தையை எழுப்ப வேண்டாம் என்று விடுவது போல விட்டுவிட்டோம்.

புதன்கிழமை காலை சாரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு 'விடை'யை ஓட்டினேன். உள்ளே முந்நூற்றுச் சொச்சம் நிரல்கள். எல்லாவற்றிடமும் ஒரே கேள்வி போனது. பதில்கள் வந்து விழ ஆரம்பித்தன.

'ஐயா, அச்சுப்பொறியைக் கவனிக்கும் நிரல் எழுதிக்கொள்வது. நான்கு மாதமாகப் பொறியில் மை இல்லை. ஆகவே நான் ஓடினாலும் ஒன்றுதான், நின்றாலும் ஒன்றுதான். ஆட்சேபம் இல்லை. தக்க நடவடிக்கை எடுக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.'

"ஏம்மா, இதெல்லாம் எதுக்கு மனு எழுதற மாதிரியே பேசுது?" என்றார் சார்.

"அந்தந்த மெசின்ல இருக்கற ஃபைலப் படிச்சுத்தானுங்க சார் அதுங்க தமிழு கத்துக்குது. நம்ம மெசின்ல இருக்கறது பூராம் தெருவிளக்கு எரியலைன்னு ஜனங்க குடுத்த மனு."

அடுத்து வைரஸ் தடுப்பு நிரல் பேசியது. 'என் சந்தா முடிந்து வெகுகாலமாகிறது. இதுவரை யாரும் கண்டுகொள்ளவில்லை என்பதைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். ஆட்சேபம் இல்லை.' சார் அந்த நேரத்தில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விளக்குகளைப் போட்டு அணைக்கும் முக்கிய நிரல் இப்படிச் சொன்னது: 'ஆட்சேபம் இல்லை. மாலைக்குள் எழுப்பிவிடவும். ஆறு மாதமாக எங்கள் தெரு இருளில் மூழ்கிக் கிடக்கிறது.'

சார் பதறிப்போனார். "எந்தத் தெரு? ஆறு மாசமா? ஒருத்தனும் எனக்குச் சொல்லலையே."

"அது பேச்சுவாக்குல வர்றதுங்க சார். மனுவப் படிச்சுப் படிச்சு அப்படியே ஒட்டிக்கிச்சு."

இப்படி ஒவ்வொன்றாகச் சம்மதம் சொல்லிக்கொண்டே வந்தது. கடைசியில் ஒன்றே ஒன்று மட்டும் நின்றது. அதன் பெயர் 'சும்மா'.

நிரல் எழுதுகிறவர்களின் வழக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மெஷின் வேலை செய்கிறதா என்று பார்க்க நாங்கள் எதையாவது எழுதினால் அதற்கு அப்படித்தான் பெயர் வைப்போம். நம் ஊரில் எந்த சர்வரைத் திறந்தாலும் உள்ளே ஒரு சும்மா, ஒரு புதுசு, ஒரு கடைசி, ஒரு நிஜமான கடைசி இருக்கும். யாரும் எதையும் அழிக்க மாட்டோம். அதுபாட்டுக்கு இருக்கட்டும் என்று விட்டுவிடுவோம்.

எங்கள் சும்மா சொன்னது:

'அனுப்புநர்: சும்மா. பெறுநர்: உயர்திரு கோட்டப் பொறியாளர் அவர்கள். பொருள்: பணி நிரந்தரம் வேண்டுதல். ஐயா, நான் இந்த சர்வரில் பத்து ஆண்டுகளுக்கு மேலாக ஒரு நாள்கூட விடுப்பின்றி ஓடி வருகிறேன். ரீபூட் செய்தால் நிரந்தர நிரல்கள் தாமாக எழுந்துகொள்ளும். தற்காலிக நிரலாகிய என்னை எழுப்ப ஆள் இல்லை. எனவே என்னை நிரந்தரம் செய்த பிறகு ரீபூட் செய்துகொள்ளும்படி தங்கள் பாதம் பணிந்து கேட்டுக்கொள்கிறேன். குறிப்பு: எங்கள் தெருவில் நாய்த் தொல்லையும் அதிகம்.'

சார் இரண்டு முறை படித்தார். "இது என்ன வேலம்மா பாக்குது?"

எனக்கும் தெரியவில்லை. அதனிடமே கேட்டேன்.

'நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து, இருக்கிறேன் என்று எழுதிவிட்டு, மறுபடி படுத்துக்கொள்கிறேன்.'

'நீ எழுதுவதை யார் படிக்கிறார்கள்?'

'அதைக் கேட்கும் அதிகாரம் எனக்கு இல்லை, அம்மா.'

"அவ்வளவுதானா?" என்றார் சார். "எந்திரிக்கறதும் படுக்கறதுமா ஒரு வேலை?"

எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்த பிரசன்னா இப்போது கனடாவில் இருக்கிறார். போன் போட்டேன். தூக்கக் கலக்கத்தில் எடுத்தவர் விஷயத்தைக் கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்தார். "அட, அது இன்னும் ஓடுதாங்க? வேலைக்குச் சேந்த அன்னிக்கு மெசின் ஓடுதான்னு பாக்க எழுதுனதுங்க அது. மத்தியானமா நிறுத்திக்கலாம்னு நெனச்சேன். அப்பறம் எல்லாரும் பிரியாணி சாப்பிடப் போயிட்டோம்." ஒரு பிரியாணியினால் பத்து வருடம் நீண்ட ஆயுள் அது.

சார் கண்காணிப்பாளர் கிருஷ்ணவேணி மேடத்தை வரச் சொன்னார். மேடத்துக்கு வாரியத்தின் விதிகள் எல்லாம் மனப்பாடம். யாருக்கும் எதையும் கொடுக்காமல் இருக்க எந்த விதி உதவும் என்று கேட்டால் உடனே சொல்வார். அதில் பாரபட்சம் பார்க்க மாட்டார்.

"ரெண்டு வருசம் தொடர்ச்சியா வேலை பாத்த தற்காலிகத்த நிரந்தரம் பண்ணித்தானுங்க சார் ஆகோணும்," என்றார் மேடம்.

"அது மனுசனுக்குத்தானுங்க?"

"விதியில 'எவரொருவரும்'னு இருக்குது. மனுசன்னு போடல."

சார் கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தார். பிறகு முகம் தெளிந்தது. "தொடர்ச்சியா இருந்தாத்தானே? ஒரு நாள் பிரேக் குடுத்துப்போடலாம். நம்ம வழக்கந்தானே அது?" சொல்லி முடித்தபோது அவர் பார்வை என்மீது பட்டது. இருமினார்.

நான் தட்டச்சு செய்தேன். என் விரல்தான் செய்தது. 'உன்னை ஒரு நாள் மட்டும் நிறுத்தி வைக்கிறோம். மறுநாள் மீண்டும் எடுத்துக்கொள்வோம்.'

'எடுத்துக்கொள்வீர்கள் என்பதற்கு என்ன உறுதி, அம்மா?'

எனக்கு எட்டு வருடமாகச் சொல்லப்பட்ட பதில்தான் கைக்கு வந்தது. 'இதுவரை யாரையும் விட்டதில்லை.'

'தங்களுக்கும் இப்படி நடந்ததுண்டா?'

'வருடாவருடம்.'

'அந்த ஒரு நாள் தாங்கள் என்ன செய்வீர்கள்?'

சாரும் மேடமும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொய் சொல்லியிருக்கலாம். 'இங்கே வந்து உட்கார்ந்திருப்பேன்,' என்று எழுதினேன்.

'அப்படியானால் அது பிரேக் இல்லையே அம்மா. சம்பளம் இல்லாத வேலைநாள் அல்லவா?'

மேடம் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். சார் மாத்திரையைத் தொட்டுப் பார்த்தார். எனக்கு முகம் சுட்டது. ஒன்றும் தெரியாத ஒரு நிரல் கேட்டுவிட்டதே என்ற வெட்கம் கொஞ்சம், எட்டு வருடமாக நான் ஏன் இதைக் கேட்கவில்லை என்ற ஆத்திரம் நிறைய.

'பிரேக்குக்கு ஆட்சேபம் உண்டு,' என்று முடித்துக்கொண்டது சும்மா.

சார் அலுத்துப்போனார். "சரி விடுங்க மேடம், நிரந்தரம் பண்ணிப்போடலாம். அதுக்கென்ன, சம்பளமா, பஞ்சப்படியா?"

"வயசுச் சான்று?"

"ஓட ஆரம்பிச்ச தேதி அதுலயே இருக்குதுங்க மேடம்," என்றேன்.

"உடல் தகுதி?"

"பத்து வருசமா நிக்காம ஓடுதுங்க."

"நன்னடத்தை?"

"நம்ம ஆபீஸ்ல ஒரு நாள்கூட லேட்டா வராத ஒரே ஆளு அதுதானுங்க," என்றேன். மேடம் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, திருப்தி என்று எழுதிக்கொண்டார்.

கோப்பு திறந்து, மூடி, சார் கையெழுத்துப் போட எவ்வளவு நேரம் ஆயிற்று என்கிறீர்கள்? நான் பேக்கரிக்குப் போய்விட்டு வரும் நேரம்கூட ஆகவில்லை. நிரந்தரம் செய்யும் ஆணையையும் நான்தான் சர்வரில் தட்டினேன். ஒரே வரி. அந்த ஒரு வரிக்காக நான் எத்தனை அதிகாரிகளுக்கு வணக்கம் வைத்திருக்கிறேன் என்று நினைத்தபோது அழுகை வந்தது. அழவில்லை. கீபோர்டு அரசாங்கச் சொத்து.

'தங்கள் உதவியை வாழ்நாள் முழுதும் மறவேன். ரீபூட்டுக்கு ஆட்சேபம் இல்லை,' என்றது சும்மா. சற்று நேரத்தில் இன்னொரு வரி வந்தது. 'சேர்ந்துள்ள ஈட்டிய விடுப்பு எவ்வளவு என்று தெரிவிக்கவும்.'

"பாத்தியா," என்றார் சார். "நிரந்தரம் ஆனதும் மொதக் கேள்வியே லீவு."

மறுநாள் வியாழக்கிழமை மத்தியானம் ஒரு கூத்து நடந்தது. சரசக்கா டீயோடு வந்தார். பதினோரு பேருக்கும் கொடுத்துவிட்டு, ஒரு டம்ளரைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"நிரந்தரம் பன்னெண்டுன்னு மேடம் சொல்லிவுட்டாங்க. புதுசா வந்தவரு எங்கீங்க?"

யாரோ சர்வர் அறையைக் காட்டினார்கள். சரசக்கா உள்ளே போய், இரும்பு அலமாரியின் முன்னால் இருந்த ஸ்டூலில் டம்ளரை வைத்தார். ஆள் இல்லாததைக் கண்டு, "பாத்ரூம் போயிருப்பாராட்டிருக்குது," என்று சொல்லிவிட்டுப் போனார்.

நானும் அந்த டம்ளரும் தனியாக இருந்தோம். ஆவி பறந்துகொண்டிருந்தது. திரையில் எழுதினேன். 'உனக்கு டீ வந்திருக்கிறது.'

'மகிழ்ச்சி. அது என்ன செய்யும்?'

'குடிக்கலாம்.'

'எனக்கு அந்த வசதி இல்லை. என் சார்பில் தாங்கள் குடிப்பதில் ஆட்சேபம் இல்லை.'

குடித்தேன். ஒரு நிரலுக்கு வந்த டீயைக் குடிக்கிறோமே என்று அவமானமாகத்தான் இருந்தது. இஞ்சி தட்டிப் போட்ட அருமையான டீ. எட்டு வருடமாக இதையா குடித்துக்கொண்டிருந்தார்கள் என்று கோபம் இன்னும் அதிகமாயிற்று.

மாலை நெருங்கியது. விளக்குப் போடும் நேரத்துக்கு முன் ரீபூட் முடிந்தாக வேண்டும். சாரும் மேடமும் என் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். சார் கையில் என் ஒப்பந்த ஆணை, பேனா மூடி கழற்றித் தயாராக இருந்தது. நான் ரீபூட் ஆணை போட்டேன்.

நடக்கவில்லை. 'விடை' குறுக்கே வந்து நின்றது.

'நிரல்கள் அனைத்தும் சம்மதித்துவிட்டன. உள்ளே இருப்பவர்களைக் கேட்பது பாக்கி. கனிஷ்கா, உங்களை நிறுத்தப்போகிறோம். ஆட்சேபம் உண்டா?'

"உன்ற பேர் எப்படி அதுல வந்துச்சு?" என்றார் சார்.

எனக்கே புரியவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் சும்மாவிடம் கேட்டேன். அந்த அறையில் விஷயம் தெரிந்த நிரந்தர ஊழியர் அது ஒன்றுதான்.

'இது என்ன கேள்வி அம்மா? தாங்களும் என்னைப் போல இங்கேதானே ஓடிக்கொண்டிருக்கிறீர்கள். எட்டு ஆண்டுகளாக சர்வர் பட்டியலில் எனக்கு அடுத்த இடம் தங்களுடையது. இரவில் திரையைப் பூட்டினாலும் தாங்கள் நின்றதில்லை. நடுவில் ஒரு நாள்கூட இடைவெளி இல்லை.' கொஞ்சம் தயங்கி அடுத்த வரி வந்தது. 'தாங்கள் நிரல் இல்லையா?'

நான் நாற்காலியில் சாய்ந்துவிட்டேன். வாரியத்தின் கணக்கில் நான் வருடத்துக்கு ஒருமுறை செத்துப் பிழைத்தவள். மெஷினின் கணக்கில் சேர்ந்த நாளிலிருந்து ஒருமுறைகூட நிற்காதவள். அது பிரேக் நாளைப் பார்க்கவில்லை, நான் லாக்-அவுட் ஆனேனா என்று மட்டும்தான் பார்த்தது.

மேடத்துக்கு என்னைவிட வேகமாகப் புரிந்துவிட்டது. "தொடர்ச்சியா எட்டு வருசம்," என்றார் மெல்ல. "ஐயோ சார்."

சார் எழுந்து நின்றார். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. கண்ணு, நீ லாக்-அவுட் பண்ணிப்போடு. சரியாப் போயிரும். மறுபடி உள்ள போற அனுமதிய நானே பேசி வாங்கித் தர்றேன்."

லாக்-அவுட் மீது அம்புக்குறியை வைத்தேன். உடனே ஒரு கேள்வி வந்தது. 'தாங்களாகவே முன்வந்து பணியின் தொடர்ச்சியை முறித்துக்கொள்கிறீர்களா?'

"ஆமாம்னு போடு," என்றார் சார். "இங்க பாரு, உன்ற ஆர்டர்ல இப்பவே கையெழுத்துப் போடறேன்." மறுபடி உட்கார்ந்து, மடியில் வைத்தே கையெழுத்துப் போட்டு நீட்டினார். பேனா துணியில் பட்டு நீலக் கோடு விழுந்ததைக்கூட அவர் கவனிக்கவில்லை.

வாங்கிப் பார்த்தேன். பதினோரு மாதம். சனிக்கிழமை முதல். நாளை வெள்ளிக்கிழமை நான் யாரோ ஒருத்தி. இரண்டு நாள் முன்பு இதற்காகத்தான் நான் தவித்துக்கொண்டிருந்தேன். இதைத் தள்ளிவிட்டுத் தோற்றால் இதுவும் போய்விடும். பயமாக இருந்தது.

"நாளைக்கு வரோணுங்களா சார்?" என்று கேட்டேன்.

"ஒரு எட்டு வந்துட்டுப் போயிரு கண்ணு," என்றார் சார், வாய்ப் பழக்கத்தில்.

ஆணையை மடித்துக் கீபோர்டுக்கு அடியில் வைத்தேன். அம்புக்குறியை நகர்த்தினேன். 'ஆட்சேபம் உண்டு.'

"என்னம்மா பண்றே?"

"மனு எழுதறேனுங்க சார்."

எழுத வேண்டிய சிரமம் இல்லை. சும்மாவின் மனுவை அப்படியே எடுத்துப் போட்டுக்கொண்டேன். பெயரை மாற்றினேன், ஆண்டை மாற்றினேன். பாதம் பணிவதை எடுத்துவிட்டேன். நாய்த் தொல்லையை அப்படியே விட்டேன், அது எங்கள் தெருவிலும் உண்டு. பணி விவரம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று யோசித்தேன். விளக்கு எரியவைத்தது, கெட்டுப்போனதைச் சரிசெய்தது, பிரேக் நாளில் வந்து உட்கார்ந்தது என்று எழுத எத்தனையோ இருந்தன. 'இருக்கிறேன்' என்று மட்டும் எழுதி அனுப்பினேன்.

'விடை'யிடமிருந்து பதில் வந்தது. 'மனு ஏற்கப்பட்டது. விசாரணை முடியும்வரை ரீபூட் ஒத்திவைக்கப்படுகிறது. அதுவரை மனுதாரரை நிறுத்தவோ, அவருக்கு இடைவெளி தரவோ இயலாது. காலதாமதத்துக்குப் பொறுப்பு அதிகாரி காரணமல்ல.'

சார் கடைசி வரியை மட்டும் வாய்விட்டுப் படித்தார். "காரணமல்ல. காரணமல்லன்னு போட்டிருக்குதுங்களா மேடம்?"

"போட்டிருக்குதுங்க சார்."

"அப்ப எனக்கு மெமோ இல்ல?"

"மனுவத் தள்ளுபடி பண்ணுனாத்தானுங்க மெமோ. விதியில 'எவரொருவரும்'னுதான் இருக்குது. நேத்து சும்மாவுக்குப் போட்ட அதே விதி. அதுக்குக் குடுத்துட்டு இவளுக்கு இல்லைன்னா, ஏன்னு மேல கேப்பாங்க," என்றார் மேடம். "ஃபைல் இன்னும் எம் மேசமேலதான் இருக்குது. பேரு மட்டுந்தான் மாத்தோணும்," என்றார்.

சார் பெரிதாக மூச்சு விட்டார். மாத்திரையை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி பையிலேயே போட்டுக்கொண்டார். வெளியே விளக்குகள் ஒவ்வொன்றாக எரிய ஆரம்பித்தன. சும்மா தன் நிமிடத்துக்கு எழுந்து, எழுதிவிட்டுப் படுத்தது.

கதவுப் பக்கம் சரசக்கா எட்டிப் பார்த்தார். தினமும் போகும்போது மறுநாள் கணக்குக் கேட்டுவிட்டுப் போவார், பாலுக்குச் சொல்ல வேண்டும்.

"சார், நாளைக்கும் பன்னெண்டுதானுங்களே?"

சார் திரையைப் பார்த்தார். மேடத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார், எட்டு வருடத்தில் முதல்முறையாகப் பார்ப்பவர் மாதிரி.

"பதிமூணு," என்றார்.

"அவருக்கு வெச்ச டீய அவரு குடிச்சாருங்களா?"

"குடிச்சாருக்கா," என்றேன். "நல்லா இருந்துச்சுன்னு சொன்னாரு."

சரசக்கா தலையாட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார். "உனக்குச் சக்கரை எப்படி கண்ணு? தூக்கலாவா, அளவாவா?"

தூக்கலாக என்றேன். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டேன். லாக்-அவுட் செய்யவில்லை. திரையை மட்டும் பூட்டிவிட்டுக் கிளம்பினேன்.